சர்வரில் வேண்டாத ப்ராசஸ்: கில் அடிக்கும் முன்

லினக்ஸ் சர்வர் இழுக்கிறது என்று நாலு பேர் சொன்னதும், ஓடும் ப்ராசஸ்களை (நிரல்களை) பட்டியலிடும் டாப் கட்டளையைக் கை தானாகத் தட்டும். பட்டியலில் முதலில் நிற்பதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டி, கில் -9 (ப்ராசஸை உடனே கொல்லும் கட்டளை) அடித்துவிடுவோம். பலரும் சறுக்குவது இங்கேதான்.

கில் அனுப்புவது ஒரு சிக்னல். 9 என்ற சிக்னல் போனால் அந்த நிரலுக்கு எதையும் ஒழுங்குபடுத்த அவகாசமே இல்லை. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். பூட்டுக் கோப்பு (நிரல் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக அது வைப்பது) அழியாமல் கிடந்து, அடுத்த முறை நிரல் கிளம்பவே மறுக்கலாம். எண் தராமல் கில் அடித்தால் போவது 15. முடித்துக்கொள் என்ற வேண்டுகோள் அது. கொஞ்சம் பொறுத்தும் போகவில்லையென்றால் 9-ஐ எடுங்கள்.

பெயரைச் சொல்லிக் கொல்வது இன்னும் மோசம். பலர் புழங்கும் சர்வரில் பைத்தான்3 என்ற பெயரில் பத்துப் பேருடைய வேலை ஓடும். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) உட்கார்ந்து கில்ஆல் அடித்தால் பத்தும் போய்விடும்; மூன்று நாளாக ஓடிய ஒருவரின் கணக்கீடும் அதில் சேர்த்தி. பிஐடி (ப்ராசஸின் எண்), யூசர் பெயர், தொடங்கிய நேரம் மூன்றையும் பார்த்துவிட்டு உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அட, அது இன்னும் ஓடுதா? டிமக்ஸ்ல விட்டுட்டுப் போயிட்டேன்" என்று பதில் வந்தாலும் வரும் (டிமக்ஸ் என்பது நாம் வெளியேறிய பின்னும் வேலையை ஓடவிடும் கருவி).

கொன்றதும் திரும்ப வருகிறதா? அப்படியானால் அதை யாரோ எழுப்பிவிடுகிறார்கள். சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் என்றிருந்தால் நீங்கள் கொல்லக் கொல்ல சிஸ்டம்டி அதைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்பதோடு பிஐடியைக் கொடுத்தால் எந்த சர்வீஸைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும் (இந்த வசதி நிறையப் பேருக்குத் தெரியாது). பிறகு அந்த சர்வீஸுக்கு ஸ்டாப். ரீபூட்டுக்குப் பின்னும் வரக்கூடாது என்றால் டிஸேபிளும் சேர்த்து. சர்வீஸ் இல்லையென்றால் கிரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி. ரூட்டின் கிரான்டேபை (கிரானுக்கான வேலைப் பட்டியலை) மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு யூசருக்கும் தனியாக ஒன்று இருக்கலாம். போதாக்குறைக்கு சிஸ்டம்டி டைமர்கள் வேறு.

சில சமயம் குற்றவாளியே இருக்காது. லினக்ஸின் லோடு ஆவரேஜ், சிபியுவுக்குக் காத்திருப்பவற்றோடு டிஸ்க்குக்காகக் காத்திருப்பவற்றையும் எண்ணும். சிபியு சும்மா இருக்க லோடு மட்டும் 20-ஐத் தொட்டால் டிஸ்க்கையோ என்எஃப்எஸ்ஸையோ (நெட்வொர்க் வழியாக வரும் கோப்புச் சேமிப்பு) பாருங்கள். டி நிலையில் (இப்படி டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நிலையில்) மாட்டிய ப்ராசஸுக்கு 9 கூட உடனே உறைப்பதில்லை. ஸாம்பி என்று காட்டும் ப்ராசஸ் ஏற்கெனவே செத்தது, கொல்ல அங்கே ஒன்றுமில்லை. மெமரி தீர்ந்துவிட்டது என்று பதறுமுன் ஃப்ரீ கட்டளை காட்டும் அவைலபிள் பத்தியைப் பார்க்க வேண்டும். மிச்ச மெமரியை லினக்ஸ் கேஷுக்கு (டிஸ்க்கில் படித்ததை நினைவில் வைக்க) வைத்துக்கொள்வது இயல்பு.

நான் உண்மையில் பயப்படுவது கேவொர்க்கர் (லினக்ஸின் மையமான கர்னலின் சொந்த வேலையாள்) என்று பெயர் சூட்டிக்கொண்டு சிபியுவைத் தின்னும் ப்ராசஸுக்குத்தான். யாரோ நுழைந்து விட்டுச்சென்ற கிரிப்டோ மைனராக (நம் சர்வரைக் கொண்டு கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் நிரலாக) இருக்கலாம். அசல் கர்னல் த்ரெட்டுக்கு (கர்னலே ஓட்டும் வேலைக்கு) டிஸ்க்கில் நிரல் கோப்பு கிடையாது. ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் கோப்பகத்தில் அந்த பிஐடிக்குரிய எக்ஸி இணைப்பு (நிரல் கோப்பைச் சுட்டுவது) டெம்ப் கோப்பகத்தில் உள்ள எதையாவது காட்டினால் அது வேஷம். உடனே கொல்வதும் ரீபூட் செய்வதும் இங்கே பெரிய தவறு. முதலில் நெட்வொர்க்கிலிருந்து சர்வரைத் துண்டியுங்கள். நிரல் கோப்பை டிஸ்க்கிலிருந்து அழித்துவிட்டிருந்தாலும், ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை அதே எக்ஸி இணைப்பிலிருந்து நகலெடுக்கலாம். ரீபூட் செய்தால் அந்தத் தடயம் போய்விடும், மைனர் மட்டும் கிரான் வழியாகத் திரும்பி வரலாம்.