பாண்ட் பணம் வேறு, நஷ்டஈடு வேறு: ஒப்பந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒப்பந்ததாரர் வேலையைப் பாதியில் விட்டால் வேலை கொடுத்தவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதற்காக வாங்கி வைப்பதுதான் பெர்பாமன்ஸ் பாண்ட். பெரும்பாலும் ஒப்பந்த மதிப்பில் 5 அல்லது 10 சதவீதத்துக்கு ஒரு வங்கி உத்தரவாதமாக எழுதித் தரும். இதில் எழும் சண்டைகள் பலவற்றுக்கு அடிப்படை, பாண்ட் தொகைதான் நஷ்டஈடு என்று நினைத்துக்கொள்வது.

வேலை கொடுத்தவர் பாண்டைப் பணமாக்கிவிட்டார், ஆனால் உண்மையான இழப்பு அதில் கால்வாசிதான் என்று வைத்துக்கொள்வோம். மீதி அவருக்குச் சொந்தமா? இல்லை. சர்க்கரை தாமதமாக வந்து சேர்ந்த ஒரு வழக்கில், 1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, பிறகு கணக்குப் பார்க்க வேண்டும், இழப்புக்கு மேல் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். இழப்பு பாண்டைவிட அதிகமானால், மிச்சத்துக்கு ஒப்பந்ததாரர்தான் பொறுப்பு. பாண்ட் தொகையோடு தன் கடன் தீர்ந்தது என்று அவர் நம்பினால், அந்த உச்சவரம்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இழப்பு என்றால் எல்லா இழப்பும் அல்ல. 1854-இல் ஹாட்லி எதிர் பாக்ஸெண்டேல் வழக்கில், ஓர் ஆலையின் உடைந்த தண்டை எடுத்துச் சென்றவர் தாமதித்தார். ஆலை ஓடாமல் லாபம் போனது. அந்த லாபத்தை நீதிமன்றம் தரவில்லை. மீறலால் இயல்பாக விளைவதும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடியதும்தான் கணக்கில் வரும். ஆகவே தாமதத்தால் உங்களுக்கு என்ன போகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு சொல்வது பயன்படாது.

ஒப்பந்ததாரர்கள் பெரிதாகச் சறுக்கும் இடம் பாண்டின் வாசகம். ‘முதல் கோரிக்கையிலேயே, ஆட்சேபமின்றிப் பணம் தரப்படும்’ என்றிருந்தால், மீறல் நடந்ததா என்று வங்கி விசாரிக்காது. 1970-களில் லிபியாவுக்குப் பசுமைக்குடில்கள் தர ஒப்புக்கொண்ட ஓர் ஆங்கில நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. வாங்குபவர், விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி உறுதி சொல்லும் கடிதமான எல்.சி.யையே முறையாகத் திறக்கவில்லை. ஆனாலும் பாண்ட் பணத்தைக் கேட்டார். தெளிவான மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய வங்கி கொடுத்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். கொடுத்த பணத்தை வங்கி ஒப்பந்ததாரரிடமிருந்தே வசூலிக்கும். இதை உணராமல் ‘வெறும் சம்பிரதாயம்’ என்று கையெழுத்திடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மீறல் நிரூபிக்கப்பட்டால் மட்டுமே பணம் என்ற நிபந்தனைப் பாண்டை முதலில் கேட்டுப் பாருங்கள்.

நிபந்தனைப் பாண்டிலும் ஒரு கண்ணி உண்டு, இது வேலை கொடுப்பவருக்கு. உத்தரவாதம் தந்தவரின் சம்மதமில்லாமல் வேலையின் அளவையோ காலத்தையோ கணிசமாக மாற்றினால், பல சட்ட அமைப்புகளில் அவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

தேதியை மறந்துவிடுவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் முழுப் பணத்தையும் இழக்கச் செய்யும். வேலை நீண்டுகொண்டே போக, பாண்ட் காலாவதியாகியிருக்கும். கேட்டதும் பணம் தரும் உத்தரவாதங்களுக்கான சர்வதேச வணிக சபையின் 2010 விதிகளான யு.ஆர்.டி.ஜி. 758 பொருந்தும் பாண்டாக இருந்தால், காலக்கெடுவுக்குள் கோரிக்கை உரிய இடத்தில் சேர வேண்டும். எந்த வகையில் மீறல் நடந்தது என்ற அறிக்கையும் கூடவே வேண்டும். ‘பாண்டின் காலத்தை நீட்டிக் கொடு, இல்லையேல் பணம் கொடு’ என்று வேலை கொடுத்தவர் கேட்டால், வங்கி அதிகபட்சம் 30 நாட்கள் பணத்தை நிறுத்திவைக்கலாம். அதற்குள் கேட்டபடி நீட்டிப்பு வந்துவிட்டால், பணக் கோரிக்கை தானாகவே திரும்பப் பெறப்பட்டதாகும்.