சின்ன பில், அடிக்கடி ஆர்டர்: ஆரி, வளையல் பொருள் விற்கும் ஆன்லைன் கடைகள் தரவேண்டிய சலுகை

ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் துணியில் செய்யும் எம்பிராய்டரி) செய்பவர்கள் மொத்தமாக வாங்கி அடுக்கி வைப்பதில்லை. பிளவுஸ் ஆர்டர் வந்த பிறகுதான் அந்தப் புடவைக்கு ஏற்ற நூலும் சுகர் பீட்ஸும் குந்தன் கல்லும் தேடுவார்கள். 250, 300 ரூபாய்க்கு ஒரு பில் போடுவார்கள், பத்து நாளில் அடுத்த நிறத்துக்குத் திரும்ப வருவார்கள். சில்க் த்ரெட் வளையல் செய்பவர்களும் இப்படித்தான் வாங்குகிறார்கள். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒரே தடவை 3,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டுப் போனவரைவிட இவர்கள் வாங்கியது அதிகமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான கடைகளின் சலுகை "1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால்" என்றுதான் தொடங்குகிறது. அது இவர்கள் கைக்கு எட்டுவதே இல்லை.

இவர்களை உறுத்துவது பொருளின் விலையல்ல, கூரியர் கட்டணம். 300 ரூபாய் பொருளுக்கு 60 ரூபாய் கூரியர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அதனால் சலுகையையும் அங்கேதான் வைக்க வேண்டும்.

முதலில் ஒரு பில்லில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பொருளின் ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டு ஒரு மாதிரிக் கணக்கு: விற்பனை 300, கொள்முதல் 195, மிச்சம் 105. பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால், கூரியர் சேர்த்த 360 ரூபாய்க்கு 8.50 ஆகிறது. கவர், ஜிப் லாக், லேபிள் 8 ரூபாய். எடுத்து, எடை போட்டு, பேக் செய்ய 12 நிமிடம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 12 ரூபாய். கையில் நிற்பது 76.50. விற்பனை விலையில் 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் 30 ரூபாய், அதாவது கையில் நிற்பதில் ஐந்தில் இரண்டு பங்கு, போய்விடும். வாங்குபவருக்கோ அந்த 30 ரூபாய் கண்ணில் படக்கூட இல்லை. அதற்குப் பதில் ஐந்து பில் முடித்தவருக்கு ஆறாவது பார்சலின் 60 ரூபாய் கூரியரைக் கடை ஏற்றால், ஆறு பில்லுக்குப் பிரித்துப் பார்க்கும்போது பில்லுக்கு 10 ரூபாய்தான் செலவு. உங்கள் கடை எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யாமல் எந்தச் சலுகையையும் அறிவிக்காதீர்கள்.

யாருக்கு இந்தச் சலுகை என்பதைக் கடந்த ஆறு மாத ஆர்டர் பட்டியல் சொல்லும். அதை எக்செல்லில் இறக்கி, பெயரை விட்டுவிட்டு மொபைல் எண்ணை வைத்துத் தொகுங்கள். ஒருவரே "கவிதா", "கவிதா எஸ்" என்று இரண்டு விதமாகப் பதிந்திருப்பார். முன்னால் நாட்டு எண் 91 சேர்த்தும் சேர்க்காமலும் உள்ள எண்களை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கு பில்லுக்கு மேல், சராசரி 500 ரூபாய்க்குக் கீழ் என்று வடிகட்டினால் பட்டியல் கிடைத்துவிடும். அப்படியே இரண்டு பில்லுக்கு நடுவே வழக்கமாக எத்தனை நாள் இடைவெளி என்றும் பாருங்கள். அடுத்த படிக்கு அதுதான் அடிப்படை.

<b>சேர்த்து அனுப்பும் பெட்டி</b>

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தருவது இது. முதல் பில்லுக்கு ஒருமுறை கூரியர் கட்டணம் வாங்கிக்கொண்டு பொருளை எடுத்து வைத்துவிடுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் அவர் போடும் அடுத்தடுத்த பில்களின் பொருளும் அதே பெட்டியில் சேரும், கடைசியில் ஒரே பார்சலாகக் கிளம்பும். வாடிக்கையாளருக்கு ஒரு கூரியர் கட்டணம் மிச்சம், கடைக்கு ஒரு கவரும் லேபிளும் பேக்கிங் நேரத்தில் கொஞ்சமும் மிச்சம். இரண்டு பக்கமும் லாபம் தரும் சலுகை வேறு எளிதில் கிடைக்காது.

எத்தனை நாள் என்பதை மேலே பார்த்த இடைவெளி முடிவு செய்யட்டும். வழக்கமான இடைவெளி 12 நாளாக இருக்கும்போது 7 நாள் பெட்டி வைத்தால் யாருக்கும் பயன்படாது. 15 நாள் வையுங்கள். அவசரம் என்று சொன்னால் அன்றே அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் பிளவுஸ் டெலிவரி தேதி அவர் கையில் இல்லை.

பெட்டி என்று சொன்னாலும் கடையில் எடுத்து வைக்க ஆளுக்கு ஒரு ஜிப் லாக் கவர் போதும். வெளியே மொபைலின் கடைசி நான்கு எண், பெயர், பெட்டி திறந்த தேதி, அனுப்ப வேண்டிய கடைசித் தேதி நான்கையும் எழுதுங்கள். கவர்களைப் பெயர் வரிசையில் அடுக்காமல் கடைசித் தேதி வரிசையில் அடுக்கினால் எதுவும் மறந்து தங்காது. ஒவ்வொரு பில்லுக்கும் முழுப் பணமும் வந்த பிறகே பொருளை உள்ளே போடுங்கள். "எடுத்து வையுங்க, அப்புறம் சேர்த்துக் கொடுக்கிறேன்" என்பதற்கு இடம் கொடுத்தால் சரக்கு முடங்கும், கேட்ட நிறம் வேறொருவருக்கு இல்லாமல் போகும். ஃபேப்ரிக் கம் பாட்டில் வந்தால் தனி கவரில் கட்டி வையுங்கள். கசிந்தால் பட்டு நூல் மொத்தமும் பாழ்.

எடைக்கும் வரம்பு வேண்டும். கூரியர் பொதுவாக 500 கிராம் படிகளில் கட்டணம் ஏற்றுவதால் உள்ளே 450 கிராம் ஆனதுமே பெட்டியை மூடிவிடுங்கள். வளையல் பேஸ் (நூல் சுற்றுவதற்கான வெறும் வளையல்) வாங்குபவர்களிடம்தான் கணக்கு பிசகும். எடை கம்மி, இடம் அதிகம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் கிலோவைப் பல கூரியர்கள் எடையாக எடுத்துக்கொள்கின்றன. 20 × 15 × 10 அளவுப் பெட்டி 200 கிராம்தான் இருந்தாலும் 600 கிராம் கணக்கில் போகும். வளையல் பேஸுக்கு மட்டும் தனிக் கட்டணம் என்று முன்பே எழுதிப் போடுங்கள்.

<b>ஆறாவது பார்சல்</b>

ஐந்து பில் முடித்தவருக்கு அடுத்த பார்சலின் கூரியர் இலவசம் என்ற சலுகையில் எண்ண வேண்டியது பார்சலை அல்ல, பில்லை. பார்சலை எண்ணினால் பெட்டியில் சேர்ப்பவர் நஷ்டப்படுவார், அப்புறம் தனித்தனியாகவே அனுப்பச் சொல்வார். ஒரு நாளுக்கு ஒரு பில்தான் கணக்கு, குறைந்தது 150 ரூபாய், இலவசம் 500 கிராம் வரை: இந்த மூன்று விதியும் இல்லையென்றால் ஒரே ஆர்டரை ஐந்தாக உடைத்துப் போடுவார்கள். காலாவதி ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. இந்த வேலை முகூர்த்தத்தை ஒட்டி ஏறி இறங்குவது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் சேர்த்த கணக்கு தீர்ந்துபோனால் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

வூகாமர்ஸ் (ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருள்) கடை என்றால் கூப்பனில் இலவச ஷிப்பிங்கை டிக் செய்தால் மட்டும் போதாது. ஷிப்பிங் மண்டலத்திலும் இலவச ஷிப்பிங் முறையைச் சேர்த்து, செல்லுபடியாகும் கூப்பன் தேவை என்று அமைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கூப்பன் ஏற்கப்பட்டதாகக் காட்டும், கட்டணம் மட்டும் குறையாது. கூப்பனை அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும், ஒரே தடவை என்று கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் ஆரி வகுப்பு குழு முழுக்கப் பரவிவிடும்.

கணக்கை ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்: "இது உங்கள் 4-வது பில். இன்னும் ஒரு பில் முடிந்ததும், அடுத்த பார்சலுக்குக் கூரியர் இலவசம்." வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

<b>பரிசு தருவதானால்</b>

விற்காமல் நின்ற சம்கியையும் உடைந்த கல்லையும் பரிசு என்று போடாதீர்கள். தொழில் செய்பவருக்கு அது குப்பை என்று பார்த்ததும் தெரியும். மூன்றாவது பில்லோடு ஒரு நூல் ஷேட் கார்டு கொடுங்கள். கெட்டி அட்டையில் ஒவ்வொரு நிறத்திலும் 5 சென்டிமீட்டர் நூல் கட்டி, பக்கத்தில் எண் எழுதியது. போன் திரையில் மெரூனும் அரக்கும் ஒன்றுபோலத் தெரியும். கார்டைப் புடவை மேல் வைத்துப் பார்த்தால் தப்பாது. நிறம் மாறிவிட்டது என்ற புகாரும் திரும்பி வரும் பார்சலும் இதனால் குறையும். புது நிறங்கள் வந்தால் அந்தத் துண்டை மட்டும் அடுத்த பார்சலில் வையுங்கள்.

லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல் தொகுதி) ஒதுக்கி வைப்பது காசில்லாமல் தரக்கூடிய சலுகை. ஒரே நிற எண்ணாக இருந்தாலும் சாய லாட் மாறினால் பிளவுஸில் ஒரு கை வெளிறித் தெரியும். பில்லில் லாட் எண்ணை எழுதுங்கள், ஆர்டர் பட்டியலில் வடிகட்டி எடுத்தவர்கள் வாங்கிய லாட்டில் ஓரிரு கண்டு 15 நாளுக்கு எடுத்து வையுங்கள். பாதி வேலையில் நூல் தீர்ந்தவர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைகள் தள்ளுபடியை பில்லிலேயே தனி வரிசையாகக் காட்டினால் அந்தத் தொகைக்கு வரி கட்ட வேண்டியதில்லை. இலவசமாகத் தந்த பொருளுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அதனால் பரிசுப் பொருளின் கணக்கைத் தனியே எழுதி வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே மொபைல் எண்களை எடுத்து, ஆளுக்கு எத்தனை பில், பார்சலுக்கு எவ்வளவு ரூபாய் என்று முன்பிருந்ததோடு ஒப்பிடுங்கள். சராசரி பில் 300-இலிருந்து 160-க்கு இறங்கியிருந்தால் உடைத்துப் போடுகிறார்கள் என்று பொருள். குறைந்தபட்சத்தை 200 ஆக்குங்கள், ஆனால் ஏற்கெனவே சேர்த்த கணக்கைக் குறைக்காதீர்கள். பில் எண்ணிக்கை கூடாமல் பார்சல் மட்டும் குறைந்திருந்தாலும் பெட்டியை நிறுத்த வேண்டாம், பேக்கிங் செலவு இறங்கியிருக்கும்.