துய்தாராவைக் கிட்டார் ஆக்கிவிடாதீர்கள்

ஷில்லாங் போய்வந்த நண்பர் ஒருவர் ஆசையாகத் துய்தாரா என்ற நரம்பிசைக் கருவி ஒன்று வாங்கி வந்தார். ஒரு நரம்பு அறுந்ததும் இங்கே ஒரு கடையில் கொடுத்து, நான்கையும் கழற்றிவிட்டுக் கிட்டார்க் கம்பி பூட்டிக்கொண்டார். கணீரென்று சத்தம் வந்ததில் அவருக்குப் பரம திருப்தி. ஒரு மாதம் கழித்து என் கையில் கொடுத்தபோது, நரம்புகளைத் தாங்கி நிற்கும் சிறு துண்டான குதிரையின் இரண்டு கால்களும் கருவியின் மேல்தோலில் குழி பறித்து உட்கார்ந்திருந்தன. விரல் நுனியால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. ஓரத்தில் தோல் பிரியவும் தொடங்கியிருந்தது.

துய்தாராவுக்கு நாம் செய்யும் பெருங்கேடு இந்தக் கம்பி மாற்றம்தான். மேகாலயாவின் காஸி மக்கள் ஒரே மரக்கட்டையைக் குடைந்து, குடமும் (ஒலி எழும் வயிற்றுப்பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) ஒட்டில்லாமல் செதுக்கி, குடத்தின் வாயில் தோல் போர்த்திச் செய்யும் கருவி இது. மரபாக இதற்குப் பூட்டுவது மூகா என்ற அசாம் பட்டில் திரித்த நரம்பு. எஃகு, பட்டைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அடர்த்தியானது. ஒரே நீளமும் தடிமனும் உள்ள நரம்பும் கம்பியும் ஒரே சுருதி பேச வேண்டுமென்றால், கம்பியை ஆறு மடங்கு இறுக்கி இழுக்க வேண்டும். குதிரை வழியாகத் தோலில் இறங்கும் அழுத்தமும் அதற்கேற்பக் கூடும். மெல்லிய கம்பி போட்டால் இழுவை குறையும், வாஸ்தவம். ஆனால் பட்டுக்கே உரிய அந்த மண்வாசனையுள்ள, சட்டென்று அடங்கும் நாதம் போய்விடும். பட்டு கிடைக்காவிட்டால் நைலான் பூட்டுங்கள். இன்று காஸி மலையிலேயே பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வங்காளத்துத் தோத்தாராவுக்குப் பெரும்பாலும் உலோகக் கம்பிதான். பெயரும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பெயரில் ‘இரண்டு தந்தி’ என்ற பொருள் தொனிப்பதைக் கேட்டு ‘இரண்டு தந்திதானே’ என்று எண்ணுவதும் தவறு. காஸி துய்தாராவில் வழக்கமாக நான்கு நரம்புகள்.

அடுத்தது ஈரம். ஆண்டுக்குச் சுமார் 11,800 மில்லிமீட்டர் மழை கொட்டும் மௌசின்ராம் அந்த மலைகளில்தான் இருக்கிறது. ஈரக்காற்றில் தோல் தளரும், குதிரை சற்றே இறங்கும், சுருதியும் இறங்கும். உடனே நரம்பை இறுக்கும் முளையான பிருடையை முறுக்கிவிடுகிறோம். பிறகு காய்ந்த அறைக்கு வந்ததும் தோல் இறுகிக் குதிரையை மேலே தூக்க, ஏற்கெனவே முறுக்கேறிய நரம்பு பட்டென்று அறுகிறது. தோல் தளர்ந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இதமான சூட்டில் சிறிது நேரம் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். உச்சி வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மரமே வெடித்துவிடும்.

வாங்கும்போது வார்னிஷ் பளபளப்பில் மயங்காமல் கருவியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்குத் தொடர்ந்து ஓடினால் அது ஒற்றைக் கட்டை. கழுத்தருகே ரேகை அறுந்து திசை மாறினால் அங்கே ஒட்டு இருக்கிறது. செய்தவர் யாரென்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்ற ரைசிங்போர் குர்கலாங் துய்தாரா செய்பவர், வாசிப்பவரும்கூட. அப்படிப்பட்ட கைகளின் வேலையை ‘வடகிழக்கு நினைவுப்பொருள்’ என்று சுவரில் மாட்டிவைப்பது எனக்குத் தாங்கவில்லை.

வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதன் தண்டியில் மெட்டுகள், அதாவது வீணையிலும் கிட்டாரிலும் சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கட்டைகள், கிடையாது. எளிதாக இருக்கட்டுமென்று சிலர் பட்டை ஒட்டி மெட்டு கட்டுகிறார்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே விரல் வழுக்கிப் போகும் இழைவு அதோடு போயிற்று. கிட்டார்போல் பல சுரங்களைச் சேர்த்துக் கார்ட் பிடித்து எல்லா நரம்பையும் ஒருசேர வாருவதும் வேண்டாம். கதையும் பாட்டும் சொல்பவரின் குரலோடு நடக்கிற கருவி இது, குரலுக்குத்தான் சுருதி சேர்க்க வேண்டும். காஸி மக்களின் ஷாத் சுக் மின்சியம் நடன விழாவின் படங்களில் துய்தாராவைத் தேடி ஏமாறவும் வேண்டாம். அந்தத் திடலில் ஒலிப்பவை தங்முரிக் குழலும் முரசுகளும்.

நண்பரின் துய்தாராவுக்குத் தோலையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது நைலான் நரம்பு பூட்டியிருக்கிறார். சத்தம் முன்பைவிடச் சின்னதுதான். ஆனால் அவர் பாடும்போது அவர் குரல் கேட்கிறது.