மலைக்குக் கிளம்பும் நாளுக்குப் புளிக்காய்ச்சல்

பொங்கல் விடுமுறைக்கு வீடு நிறைய உறவினர்கள் வந்து, எல்லோருமாகக் கொல்லிமலைக்குக் கிளம்புவதென்றால், புளிக்காய்ச்சலை அவர்கள் வருவதற்கு முன்பே காய்ச்சி வைத்துவிடுங்கள். கிளம்பும் காலையில் சோறு மட்டும் வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு கிளறினால் போதும். பத்துப் பேருக்குச் சட்னி அரைக்கும் அவசரம் இல்லை.

புளியின் அமிலமும் உப்பும் கிருமிகளை எளிதில் வளரவிடுவதில்லை. நீர் வற்றி நல்லெண்ணெய் பிரியும்வரை சுண்டியிருந்தால் புளிக்காய்ச்சல் பல நாள் தாங்கும். சோற்றைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி வியர்த்து நசநசத்துவிடும், ஆகவே ஆறவைப்பதில் மட்டும் அவசரமே கூடாது. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும்போதுதான் பசி கொல்லும். வியர்த்து வந்தவர்களுக்கு அந்த உப்பும் புளிப்பும் எவ்வளவு இதம்!

தேங்காய்ச் சாதத்துக்கு இது பொருந்தாது. வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் புளி வேண்டாம், அவர்களுக்கு மட்டும் நல்லெண்ணெய் தடவிய இட்லி கட்டிக்கொள்ளுங்கள்.