ஆர்சன் வெல்ஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

25 வயதில் உலகின் தலைசிறந்த படத்தை எடுத்தார். அதற்குப் பிறகு எதுவும் கைகூடவில்லை. கடைசியில் பருத்த உடம்போடு ஒயின் விளம்பரங்களில் நடித்துவிட்டு இறந்துபோனார். ஆர்சன் வெல்ஸைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் நீட்டி எழுதுகின்றன. ஆண்டுகளையும் பெயர்களையும் மாற்றி எழுதுவது சின்னப் பிழை, திருத்திவிடலாம். இந்தக் கதையை நம்பி எழுதுவதுதான் பெரிய பிழை. மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே முளைக்கின்றன.

முதல் தவறு, 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்திலிருந்து அவருடைய கதையைத் தொடங்குவது. அந்தப் படத்தை எடுக்க ஹாலிவுட்டுக்கு வந்தபோது அவர் கையில் ஏறக்குறைய எட்டு ஆண்டு மேடை அனுபவம் இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் 1915 மே 6 அன்று பிறந்தவர். ஒன்பது வயதில் தாயையும் பதினைந்து வயதில் தந்தையையும் இழந்தார். பதினாறு வயதில் தனியாக அயர்லாந்து போய், டப்ளினின் கேட் தியேட்டரில் ஹில்டன் எட்வர்ட்ஸ், மீஹால் மக்லியமோர் இருவரிடமும் வேலை கேட்டு நின்றார். 1931 அக்டோபரில் அங்கே மேடை ஏறினார். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவார்கள்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையில்லாக் கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு ஃபெடரல் தியேட்டர் திட்டத்தை நடத்தியது. அதன் நீக்ரோ பிரிவுக்காக ஜான் ஹவுஸ்மன் தயாரிக்க, வெல்ஸ் 'மேக்பெத்' நாடகத்தை இயக்கினார். நடிகர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். களத்தை ஸ்காட்லாந்திலிருந்து ஹைட்டி போன்ற ஒரு கரீபியத் தீவுக்கு மாற்றலாம் என்ற யோசனை அவருடைய மனைவி வர்ஜீனியாவுடையது. சூனியக்காரிகள் வூடூ பூசாரிகளானார்கள். சியரா லியோனிலிருந்து வந்த அசடாட்டா டஃபோராவின் குழு மேளம் அடித்தது. 1936 ஏப்ரல் 14 அன்று ஹார்லெமின் லஃபாயெட் தியேட்டரில் திரை விலகியபோது வெளியே தெருவே அடைத்துப்போயிருந்தது. இயக்குநருக்கு இன்னும் 21 முடியவில்லை. நாடகத்தின் கடைசிச் சில நிமிடங்கள் ஓர் அரசு ஆவணப்படத்தில் பதிவாகி இன்றும் கிடைக்கின்றன, கட்டாயம் பாருங்கள். கூட்டத்தை நகர்த்தும் விதம், உயர உயரப் படிகளில் ஆட்களை நிறுத்தும் விதம், ஒலியும் ஒளியும் ஒன்றாக எழுவது என்று பிற்காலப் படங்களில் நாம் வியக்கும் எல்லாமே அங்கே இருக்கின்றன.

அடுத்த ஆண்டு நடந்தது இதைவிடப் பெரிய விஷயம். மார்க் பிளிட்ஸ்டைன் எழுதி, அதே திட்டத்துக்காக வெல்ஸ் இயக்கிய 'தி க்ரேடில் வில் ராக்' தொழிற்சங்கப் போராட்டம் பற்றிய இசை நாடகம். 1937 ஜூன் 16 அன்று அரங்கேற்றம். புதிய நாடகம் எதையும் ஜூலைக்கு முன் தொடங்கக் கூடாது என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. தியேட்டருக்குப் பூட்டுப் போட்டுக் காவல் வைத்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் வாசலில் நிற்க, ஒரு பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு அரங்கம் தேடினார்கள். மாலையில் வெனிஸ் தியேட்டர் கிடைத்தது. கூட்டம் அப்படியே அங்கே நடந்தே போனது. நடிகர்கள் மேடை ஏறக் கூடாது என்று அவர்களுடைய சங்கமே தடுத்திருந்ததால், பிளிட்ஸ்டைன் மட்டும் மேடையில் பியானோ முன் உட்கார்ந்தார். எல்லாப் பாத்திரங்களையும் தானே பாடிவிடலாம் என்றுதான் தொடங்கினார். சில வரிகளிலேயே பார்வையாளர் பகுதியிலிருந்து ஆலிவ் ஸ்டான்டன் என்ற இளம் நடிகை எழுந்து தன் பாட்டைத் தானே பாட ஆரம்பித்தார். ஒளிக்கற்றை அவரைத் தேடிப் பிடித்தது. அவரைத் தொடர்ந்து மற்ற நடிகர்களும் இருந்த இடத்திலிருந்தே எழுந்தார்கள். மேடையில் ஏறாமலேயே நாடகம் நடந்து முடிந்தது.

அதே ஆண்டு வெல்ஸும் ஹவுஸ்மனும் மெர்க்குரி தியேட்டரைத் தொடங்கினார்கள். முதல் நாடகம் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்', இத்தாலிய ஃபாசிச உடுப்பில். பின்சுவர் வெறும் செங்கல், சிவப்புச் சாயம். விளக்குகள் மேடைத் தரையிலிருந்து நேராக மேலே பாய்ந்தன. 'கேன்' படத்தில் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணத்தையும் இருட்டுக்குள் நிற்கும் முகங்களையும் யாரிடம் படித்தார் என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த மேடைதான். ஜோசப் காட்டன், ஆக்னஸ் மூர்ஹெட், எவரெட் ஸ்லோன், ரே காலின்ஸ் எல்லோரும் மெர்க்குரி ஆட்கள். திரைக்கு அவர்கள் புதியவர்கள் என்பதைப் படத்தின் இறுதியிலேயே பெருமையாகப் போடுகிறார்கள்.

வானொலி பற்றிய தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ஓயவில்லை. 1938 அக்டோபர் 30 இரவு சிபிஎஸ் வானொலியில், செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வருவதாகச் செய்தி அறிக்கை போலச் சொன்ன வெல்ஸின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகம் ஒலிபரப்பானதும் அமெரிக்காவே தெருவுக்கு ஓடி வந்தது என்று எழுதாதீர்கள். அந்த நேரத்தில் நாட்டின் பெருங்கூட்டம் வேறொரு நிலையத்தில் எட்கர் பெர்கனின் நகைச்சுவையைக் கேட்டுக்கொண்டிருந்தது. வானொலி நேயர்களைக் கணக்கெடுக்கும் ஹூப்பர் நிறுவனம் அன்றிரவு சுமார் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசியதில், இந்த நாடகத்தைக் கேட்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 2 சதவீதம்தான். பயந்தவர்கள் இருந்தார்கள், காவல் நிலையங்களுக்கு அழைப்புகள் போனதும் உண்மை. அதை நாடு தழுவிய பீதியாக ஊதியவை விளம்பர வருமானத்தை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த செய்தித்தாள்கள். இன்னொன்று: வானொலிக்கான நாடகப் பிரதியை எழுதியவர் ஹோவர்ட் கோச். அவர் பெயரை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வெல்ஸ் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இந்தக் கணக்குப் பிழை 'கேன்' விஷயத்தில் இரண்டு பக்கமும் நடக்கிறது. எல்லாம் வெல்ஸின் மூளை என்பார்கள் ஒரு சாரார். ஆனால் ஆழம் முழுவதும் துல்லியமாகத் தெரியும் காட்சிகளை ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முந்தைய ஆண்டே ஜான் ஃபோர்டின் படத்தில் முயன்று பார்த்திருந்தார். அறைக்குக் கூரை வைத்துப் படமெடுப்பது 'ஸ்டேஜ்கோச்' படத்திலேயே உண்டு, அந்தப் படத்தை வெல்ஸ் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பாடம் படித்தார். டோலண்டுக்கு நன்றிக்கடனாகத் தன் இயக்குநர் பெயர் வரும் அட்டையிலேயே அவர் பெயரையும் சேர்த்துப் போட்டார். மறுசாரார் 1971-இல் திரை விமர்சகர் பாலின் கேல் எழுதிய நீண்ட கட்டுரையை நம்பி, திரைக்கதை முழுக்க ஹெர்மன் மான்கிவிட்ஸுடையது, வெல்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை என்பார்கள். ஆய்வாளர் ராபர்ட் கேரிஞ்சர் அடுத்தடுத்த வரைவுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். மான்கிவிட்ஸ் அடித்தளம் போட்டதும், வெல்ஸ் பெரிய அளவில் வெட்டி மாற்றி எழுதியதும் ஆவணத்தோடு தெளிவானது. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் கிடைத்த ஒரே விருதும் இருவரும் பகிர்ந்த திரைக்கதைக்கே. சிறந்த இயக்குநர் ஆஸ்கர் வாங்கினார் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். படம் மக்களுக்குப் புரியாமல் தோற்றது என்ற வரியையும் சேர்த்து அடியுங்கள். கதாநாயகனிடம் தன் சாயலைக் கண்ட பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டின் கோபத்துக்கு அஞ்சிப் பல திரையரங்குகள் படத்தைப் போடவே இல்லை.

அவருடைய அடுத்த படமான 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' பற்றி எழுதுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாம் பார்ப்பது 88 நிமிடப் படம். வெல்ஸ் தொகுத்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அவர் பிரேசிலில் இருந்தபோது ஆர்கேஓ நிறுவனம் வெட்டியது, முடிவைத் தன் ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்து ஒட்டியது, வெட்டிய பகுதிகளை அழித்துவிட்டது. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தன் பெயரே வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கடைசிக் காட்சியை வைத்து வெல்ஸின் தடுமாற்றத்தைப் பற்றி எழுதுவது அவர் எடுக்காத காட்சிக்கு அவரைக் குற்றவாளியாக்குவது. படத்தை அப்படியே விட்டுவிட்டு பிரேசிலுக்குக் கார்னிவல் கொண்டாடப் போனார் என்ற பேச்சும் அநியாயம். போர்க்காலத்தில் தென்னமெரிக்க நல்லுறவுக்காக நெல்சன் ராக்ஃபெல்லரின் அரசு அலுவலகம் கேட்டுக்கொண்டு, சம்பளம் வாங்காமல் போனார்.

அதன்பிறகு எதையும் முடிக்காதவர், பணத்தை வாரி இறைத்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1946-இல் 'தி ஸ்ட்ரேஞ்சர்' குறித்த நேரத்துக்குள் முடிந்து லாபமும் ஈட்டியது. 1947-இல் சால்ட் லேக் சிட்டியில் 'மேக்பெத்'தை மேடையேற்றி, அதையே ஒத்திகையாக வைத்துக்கொண்டு, மலிவான கௌபாய் படங்களுக்குப் பேர்போன ரிபப்ளிக் ஸ்டுடியோவில் சுமார் மூன்று வாரத்தில் படமாக்கினார். வாரி இறைப்பவர் செய்யும் வேலையா இது?

காசுக்காகக் கண்ட படத்திலும் நடித்தார் என்று வருத்தப்படுவதும் தவறான கோணம். இது வீழ்ச்சிக் காலத்தில் வந்த பழக்கம் இல்லை. இருபது வயதிலேயே வானொலிக்குக் குரல் கொடுத்துச் சம்பாதித்ததை நாடகத்தில் போட்டவர் அவர். நடித்துச் சம்பாதிப்பது, அதைத் தன் குழுவின் படைப்பில் போடுவது: இதுதான் கடைசிவரை அவருடைய தொழில்முறை. ஒரு ஸ்டுடியோ எல்லா வசதியும் செய்துகொடுத்து, தொகுப்பு உரிமையையும் கையில் கொடுத்தது 'கேன்' படத்துக்கு மட்டும்தான். அந்த ஒரு விதிவிலக்கை அளவுகோலாக்கி மற்ற நாற்பது ஆண்டுகளைத் தோல்வி என்று அளப்பதை நான் ஏற்கவே மாட்டேன். போகிற போக்கில் ஒன்று: 'தி தர்ட் மேன்' படத்தை இயக்கியவர் கரோல் ரீட். வெல்ஸ் அதில் நடித்தார்; ராட்சத ராட்டினக் காட்சியில் வரும் குயில் கடிகார வசனம் மட்டும் அவர் சேர்த்தது.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தை அவர் படமாக்கிய 'ஒதெல்லோ' அந்தத் தொழில்முறையின் முழு வடிவம். இத்தாலியத் தயாரிப்பு நிறுவனம் நொடித்துப்போக, படக்குழு மொராக்கோவின் மொகடோர் நகரில் கையில் காசில்லாமல் நின்றது. உடைகள் வந்து சேரவில்லை. அடுத்து எடுக்க வேண்டியது ரோடரிகோ என்ற பாத்திரம் கொலையாகும் காட்சி. உடையே தேவைப்படாத இடம் எது என்று யோசித்து, ஊரின் மீன் சந்தையைத் துருக்கிக் குளியலறையாக மாற்றினார். ஆவியும் துண்டும் போதுமானதாக இருந்தது. பலகைத் தளத்தின் இடுக்கு வழியாக வாள் பாயும் அந்தக் காட்சி ஷேக்ஸ்பியர் படங்களிலேயே மறக்க முடியாத ஒன்று. நடித்துப் பணம் சேர்த்துக்கொண்டு வருவார், நடிகர்களைக் கூட்டுவார், எடுப்பார், மறுபடி போவார். இப்படியே ஆண்டுகள் ஓடின. வில்லன் இயாகோவாக நடித்தவர் டப்ளினில் அவருக்கு முதல் வேலை கொடுத்த மக்லியமோர். 1952-இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதை இந்தப் படம் பகிர்ந்துகொண்டது.

ஹில்டன் எட்வர்ட்ஸும் திரும்ப வருகிறார். ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை ஒன்றாகக் கோத்து 1939-இல் 'ஃபைவ் கிங்ஸ்' என்று வெல்ஸ் மேடையேற்றினார். நியூயார்க் வருவதற்கு முன்பே நின்றுபோனது. 1960-இல் அதையே, அந்த நாடகங்களில் வரும் வேடிக்கையான வயதான வீரர் ஃபால்ஸ்டாஃபை மையமாக்கி 'சைம்ஸ் அட் மிட்நைட்' என்ற பெயரில் பெல்ஃபாஸ்ட், டப்ளின் மேடைகளில் போட்டபோது இயக்கியவர் எட்வர்ட்ஸ். இளவரசன் ஹாலாக நடித்தவர் கீத் பாக்ஸ்டர். சில ஆண்டுகள் கழித்து ஸ்பெயினில் அது படமானபோதும் பாக்ஸ்டரே ஹால். அதன் போர்க்களக் காட்சியில் பெரும் படைகள் மோதுவதாகத் தோன்றும். இருந்தது இருநூறு பேருக்குள்தான். நெருக்கமான, வேகமான வெட்டுகளும் புகையும் சேறும் மீதியைச் செய்தன. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த படம் இது. 'கேன்' அடுத்துதான்.

பார்க்கத் தொடங்குகிறவர்கள் எந்தப் பிரதி என்பதையும் கவனியுங்கள். வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' படத்தை யுனிவர்சல் நிறுவனம் மாற்றித் தொகுத்தபோது வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினார். அதன்படி படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1998-இல் திரும்பத் தொகுத்த பிரதியைத் தேடுங்கள். அதில் மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் ஓடும் தொடக்க ஷாட்டின் மேல் பெயர்கள் வராது. 'மேக்பெத்'தில் சுருக்கிய பிரதியும் உண்டு, 107 நிமிடம் ஓடுவதுதான் முழுமையானது. 'சைம்ஸ் அட் மிட்நைட்' பழைய பிரதிகளில் வசனம் சரியாகக் கேட்காது, 2016-இல் வெளியான சீரமைத்த பிரதியில் நன்றாகக் கேட்கும்.