ட்ரெய்லர் போதையில் முன்பதிவு செய்யாமல் இருக்க: ரசிகர் பேச்சைப் பிரித்துப் படிக்கும் முறை

அறிவியல் புனைவு ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்) ஒன்றின் ட்ரெய்லர் வந்த அன்றே ரசிகர் பேச்சு வெள்ளமாக ஓடும். அதில் மூன்று சரக்கு கலந்திருக்கும்: கண்ணால் பார்த்தது, தயாரித்தவர்கள் சொன்னது, ரசிகர்கள் ஆசைப்பட்டது. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்துக்கு ட்ரெய்லரை ஒலி இல்லாமல் மறுபடி பாருங்கள். பாதிப் பரவசம் இசையால் வருவது. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னே நகரும். காற்புள்ளி விசை பின்னே கொண்டுபோகும். தோட்டா எண்ணிக்கை, உயிர்க்கோடு (மீதமுள்ள உயிரைக் காட்டும் கோடு), உரையாடல் தெரிவுகள் தெரிகின்றனவா? ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் அது சினிமாக் காட்சி. கேமைப் பற்றி அதை வைத்து எதுவும் எழுதாதீர்கள். பொடி எழுத்தையும் விடக்கூடாது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த சைபர்பங்க் 2077 என்ற கேமின் 48 நிமிட டெமோவில், இறுதி வடிவம் மாறலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. அதில் காட்டிய சுவரில் ஓடும் வித்தை, வெளியான கேமில் இல்லை.

இரண்டாவது கட்டத்தில் பேட்டிகளில் சொன்னவை மட்டும். ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி கேமில் ஆயிரத்துக்கும் மேல் கோள்கள் என்றதும், விண்வெளியிலிருந்து கலத்தை நாமே ஓட்டித் தரையிறக்கலாம் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது முடியாது என்று அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2022-இலேயே பேட்டியில் சொல்லிவிட்டார். கேம் வந்தது 2023 செப்டம்பரில். அந்த எதிர்பார்ப்பு மூன்றாவது கட்டத்துக்குப் போக வேண்டியது.

ரசிகர் கருத்துகளில் 'வெறித்தனம்', 'மொக்கை' இரண்டுமே பயன்படாது. எந்த நிமிடம், எந்த விநாடி, எந்தக் கருவியில் (பிசியா, பிளேஸ்டேஷனா) என்று சொல்கிறவரின் கருத்தை மட்டும் எடுத்து, அந்த இடத்தை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

தேதி தள்ளிப்போனதும் கிளம்பும் கோபத்துக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். பார்க்க வேண்டியது, உங்கள் கருவியில் ஓடும் காட்சி வெளியாகியிருக்கிறதா என்பதைத்தான். சைபர்பங்க் 2020 ஏப்ரல் 16-லிருந்து மூன்று முறை தள்ளி, டிசம்பர் 10-இல் வந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். சொந்தமாகப் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அப்போது அனுமதி இல்லை. பிஎஸ்4-இல் (சோனியின் பிளேஸ்டேஷன் 4) எவ்வளவு மோசமாக ஓடுகிறது என்பது வாங்கிய பிறகே தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்தது. திரும்பி வந்தது 2021 ஜூனில். அதனால் 'என் கருவியில் காட்சி இல்லை' என்றால் முன்பதிவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் முன்பதிவு செய்தே தீருவேன் என்றால், பணம் திரும்பும் வழியைத் திறந்து வையுங்கள். பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வெளியான பின் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். கூடுதல் பணம் கொடுத்து வெளியீட்டுக்கு முன்கூட்டியே ஆடும் நேரமும் இந்த 2 மணியில் சேரும். முகம் வடிவமைப்பதிலேயே ஒரு மணி போய்விடும், ஆகவே முதல் முறை தயாராக இருக்கும் முகத்தைத் தேர்ந்தெடுத்து நேரே சண்டைக்குப் போங்கள். பிளேஸ்டேஷனில் விதி கடுமை: பதிவிறக்கம் தொடங்கினாலே, கேமில் கோளாறு இருந்தாலொழிய, பணம் திரும்பாது. முன்பதிவு செய்த கையோடு தானியங்கிப் பதிவிறக்கத்தை அணைத்துவிடுங்கள்.