குமரி அரசுப் பள்ளியிலிருந்து டெல்லி பல்கலைக்கழகத்துக்கு: எங்கிருந்து தொடங்குவது?

போன மே மாதம் +2 ரிசல்ட் வந்த மறுநாள், எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். குலசேகரம் பக்கத்தில் அரசுப் பள்ளி, தமிழ் வழி, அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். 600-க்கு 561 வாங்கியிருந்தாள். "அக்கா, எனக்கும் உங்கள மாதிரி டெல்லில ஹிஸ்டரி படிக்கணும். இந்த மார்க் போதுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டெல்லி பல்கலைக்கழகத்துக்கான நுழைவுத் தேர்வு விண்ணப்பம் அந்த வருடம் மார்ச் மாதமே முடிந்துவிட்டது. அப்படி ஒரு தேர்வு இருப்பதையே அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் 2023-இல் இதே வழியில் போனவள். வழி கடினம்தான், ஆனால் நம் பிள்ளைகளால் முடியாத எதுவும் அதில் இல்லை. நம்மைத் தடுப்பது பெரும்பாலும் ஒரு தேதி, அல்லது ஒரு சான்றிதழ். அதனால் +1 படிக்கிற ஒருவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

முதல் படி: தேர்வு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

டெல்லி பல்கலைக்கழகம் 1922-இல் தொடங்கியது. ஹிந்து, மிராண்டா ஹவுஸ், ஹன்ஸ்ராஜ், செயின்ட் ஸ்டீபன்ஸ் என்று நீங்கள் கேள்விப்படும் கல்லூரிகள் எல்லாம் அதில் அடக்கம். 2022 முதல் இங்கே இளநிலைப் படிப்புகளில் சேர, க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் கணக்கு. +2 மார்க் தகுதிக்குத் தேவை. இரண்டு பேருக்கு ஒரே க்யூட் மதிப்பெண் வந்தால் யார் முன்னே என்று பார்க்கவும் அது உதவும். மற்றபடி 561 எடுத்தவரும் 480 எடுத்தவரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. கணினியில் எழுத வேண்டும். ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். ஆக ஒரு தாளுக்கு 250. நாங்கள் எழுதியபோது சாய்ஸ் இருந்தது. 2025 முதல் அதை எடுத்துவிட்டார்கள், எல்லாக் கேள்வியும் கட்டாயம். அதிகபட்சம் ஐந்து தாள் எழுதலாம்.

இன்னொன்று, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கேள்வித்தாளைத் தமிழிலேயே கேட்கலாம். தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் அதில் உண்டு. தமிழ் வழியில் படித்ததால் வாய்ப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: எந்தத் தாள் எழுதுவது

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். +2-வில் நீங்கள் படித்த பாடங்களில்தான் டெல்லிக்கான க்யூட் தாள்களையும் எழுத வேண்டும். பல பி.ஏ. ஆனர்ஸ் படிப்புகளுக்கு ஒரு மொழித் தாளும் மூன்று பாடத் தாளும் கேட்பார்கள். மொழித் தாளாகத் தமிழையே எடுக்கலாம், அந்த மதிப்பெண்ணும் கூட்டலில் சேரும். ஆங்கில இலக்கியம், இதழியல் போன்றவற்றுக்கு மட்டும் ஆங்கிலத் தாள் கட்டாயம். பொருளியல் ஆனர்ஸ் என்றால் கணிதத் தாள் வேண்டும். கணிதம் இல்லாத குரூப் எடுத்துவிட்டு பொருளியல் ஆனர்ஸ் கனவு கண்டு கலங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே +1-இல் குரூப் எடுக்கும்போதே இதை யோசியுங்கள். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் என்ற பட்டியலை ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகமே வெளியிடும். அதை பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மதிப்பெண்ணை வைத்து ஹைதராபாத் பல்கலைக்கழகம், பாண்டிச்சேரி பல்கலைக்கழகம், திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். நம்மூர் கல்லூரிகளுக்கும் வழக்கம்போல் போட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: பாடம்

க்யூட் பாடத்திட்டம் என்சிஇஆர்டி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் +2 புத்தகத்தை ஒட்டியது. நம் சமச்சீர்ப் புத்தகமும் அதுவும் ஒன்றல்ல. வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் +2 புத்தகம் இந்திய தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி, பிறகு நவீன உலகத்துக்குப் போகிறது. என்சிஇஆர்டி +2 வரலாறோ ஹரப்பாவில் தொடங்கி விஜயநகரம், முகலாயர், 1857, காந்தி, அரசமைப்புச் சட்டம் என்று போகும். அதில் பெரும்பகுதி நம் +1 புத்தகத்தில் இருக்கிறது! ஆகவே வரலாறு எழுதுகிறவர்கள் +1 புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் என் +1 புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பக்கத்து வீட்டில் கடன் வாங்கித்தான் படித்தேன்.

என்சிஇஆர்டி நூல்கள் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் அதன் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் செய்தது இதுதான்: ஒரு பாடத்தை முதலில் நம் தமிழ்ப் புத்தகத்தில் படிப்பேன். பிறகு அதே பாடத்தை என்சிஇஆர்டியில் படித்து, ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லை ஒரு நோட்டில் எழுதுவேன். ஒரு நாளைக்கு பத்துச் சொல். தேர்வில் தமிழ் மொழிபெயர்ப்பு சில இடத்தில் குழப்பும்; கூடவே ஆங்கிலக் கேள்வியும் திரையில் இருக்கும், அதைப் பார்த்துத் தெளியலாம். தேர்வுக்கு மட்டுமா? கல்லூரியில் முதல் ஆறு மாதம் என்னைக் காப்பாற்றியதும் அந்த நோட்டுதான்.

கோச்சிங் கட்டாயம் இல்லை. ஆனால் கணினியில் நேரம் வைத்து எழுதிப் பழகாமல் போகாதீர்கள். பள்ளி ஹைடெக் லேபில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலான டீச்சர்மார் உதவுவார்கள்.

நான்காம் படி: விண்ணப்பம்

ஜனவரி பிறந்ததிலிருந்து தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தை வாரம் இரண்டு முறை பாருங்கள். தேதி வருடத்துக்கு வருடம் மாறும். 2025-இல் மூன்று தாள் வரை ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவுக்கு 900 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு 800 ரூபாய் கட்டணம். கூடுதல் தாளுக்குத் தனியாக. தேர்வு நகரம் கேட்கும்போது நாகர்கோவிலை முதலில் போடுங்கள், அடுத்து திருநெல்வேலி.

பெயர் விஷயத்தில் கவனம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் எங்கே இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் இருக்கட்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுவதும் ஒட்டிக்கொண்டு, சான்றிதழில் வெறும் இனிஷியலாக இருந்தால், +1 விடுமுறையிலேயே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஓபிசி சான்றிதழ்

நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தவர்கள் பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். எனக்கு இது தெரியாமல் போனதால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு இடத்தில் "அதான் கம்யூனிட்டி இருக்கே, பின்ன எதுக்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு சரியான படிவத்தின் பெயரை எழுதிக்கொண்டு போய்த்தான் விண்ணப்பிக்க முடிந்தது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கைக்கு வந்தது. அந்த ஒரு வாரம் அம்மை சரியாகத் தூங்கவே இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதனால் சாதிப் பட்டியல்களில் குமரி மாவட்டத்துக்கு என்றே தனிக் குறிப்புகள் உண்டு. அந்தக் குறிப்பை நிதானமாக வாசியுங்கள். பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று போகும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. சேர்க்கையின்போது அந்த நிதியாண்டின் சான்றிதழ் கேட்பார்கள். அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது. ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். அரசு வேலை தேர்தல், ஜமாபந்தி என்று நின்றுபோகும், காத்திருக்க முடியாது.

ஆறாம் படி: இடம் ஒதுக்கீடு

க்யூட் எழுதியாகிவிட்டது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. டெல்லி பல்கலைக்கழகத்தின் சிஎஸ்ஏஎஸ் என்ற இட ஒதுக்கீட்டுத் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 250 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு 100. பிறகு எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். பத்தோடு நிறுத்தாதீர்கள், ஐம்பது, நூறு என்று போடுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே எது முதலில் பிடிக்குமோ அதை முதலில் போடுங்கள். கிடைக்காது என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளுவதால் எந்த லாபமும் இல்லை.

இடம் கிடைத்ததும் குறித்த நேரத்துக்குள் 'அக்செப்ட்' கொடுத்து, கட்டணம் கட்ட வேண்டும். பிடித்தது அடுத்த சுற்றில் வரும் என்று எண்ணி விட்டுவிட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே போய்விடுவீர்கள். ஏற்றுக்கொண்டு 'அப்கிரேடு' கேட்பதுதான் வழி. இரண்டு மூன்று நாள்தான் அவகாசம் இருக்கும், கட்டணத்தை வங்கிக் கணக்கில் முன்பே தயாராக வையுங்கள்.

செயின்ட் ஸ்டீபன்ஸ், ஜீசஸ் அண்ட் மேரி ஆகியவை கிறிஸ்தவச் சிறுபான்மைக் கல்லூரிகள். நம் மாவட்டத்தில் எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தும் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கல்லூரிகளின் அறிவிப்பைத் தனியாகப் பாருங்கள், திருமுழுக்குச் சான்றையும் எடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: பணம்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான், டெல்லியில் கிடையாது. ஆனால் ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிசி, எம்பிசி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சேர்ந்த பிறகும் கல்லூரியில் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். நோட்டீஸ் போர்டில் வரும், வந்த உடனே கொடுத்துவிட வேண்டும்.

எட்டாம் படி: பயணமும் முதல் வருடமும்

கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரண்டு நாள். அது கிடைக்காவிட்டால் திருவனந்தபுரம் போய் கேரளா எக்ஸ்பிரஸ். அது தினமும் உண்டு. எதில் போனாலும் இரண்டு இரவு. இட ஒதுக்கீடு வந்த பிறகு டிக்கெட் தேடினால் தட்கல்தான் கதி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே இணைத்துவிடுங்கள்; ஸ்லீப்பர் தட்கல் காலை 11 மணிக்குத் திறக்கும். டிசம்பர், ஜனவரியில் இரவு ஐந்து டிகிரிக்கும் கீழே போகும். இரண்டு மழைக்காலம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் குளிர் புதிது. ஸ்வெட்டரை அங்கே போய் வாங்குங்கள், இங்கே கிடைப்பது போதாது.

இனி வகுப்பு. முதல் மாதம் எனக்கு ஆங்கிலப் பாடம் பாதி புரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் சரளமாகப் பேசும்போது, நான் தப்பாக இங்கே வந்துவிட்டேனோ என்று தோன்றும். விடுதி மொட்டை மாடியில் அழுதிருக்கிறேன். அது உங்களுக்கும் வரலாம்; வந்தால் அதை அறிவுக் குறைவு என்று எண்ணாதீர்கள், மொழிப் பழக்கம்தான் குறைவு. வாசிக்கக் கொடுக்கும் கட்டுரையில் முதலில் முன்னுரையையும் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழில் நாலு வரி எழுதிக்கொண்டு, பிறகு நடுப்பகுதிக்குப் போங்கள். டுடோரியல் வகுப்பில் ஆட்கள் குறைவு, அங்கே வாரம் ஒரு கேள்வியாவது கேளுங்கள். நான் முதலில் கேட்ட கேள்வியை வீட்டிலேயே எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டு, வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு இன்னும் இரண்டு கட்டுரை கொடுத்தார்.

வருகை மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், ஓணம், கோயில் கொடை, கிறிஸ்மஸ் என்று நினைத்தபோதெல்லாம் ஊருக்கு வர முடியாது. செமஸ்டர் தேர்வு அட்டவணை வந்த அன்றே ரிட்டர்ன் டிக்கெட் போட்டுவிடுங்கள். 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கும், திறந்த வேகத்தில் நம்மூர் ரயில் நிரம்பிவிடும்.